கட்டி ஓரிடம், கோளாறு மூளையில்: நரம்பியல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: மூளைக்குப் பரவாத புற்றுநோய் மூளையை எப்படிப் பாதிக்கும், டாக்டர்?

பதில்: நரம்பணுக்களில் இருக்கும் சில புரதங்களைச் சில கட்டிகளும் உற்பத்தி செய்கின்றன. கட்டியை எதிர்க்கக் கிளம்பும் நோய் எதிர்ப்பு மண்டலம், அதே புரதம் உள்ள நரம்பணுவையும் தாக்கிவிடுகிறது. நுரையீரலில் வரும் சிறுசெல் புற்றுநோயில் இது அதிகம். பெரும்பாலும் நரம்புக் கோளாறுதான் முதலில் தலைகாட்டும். அதன் காரணத்தைத் தேடும்போதுதான் கட்டி அகப்படும்.

கேள்வி: என் தங்கைக்கு வயது 22. திடீரென்று பிதற்றல், வலிப்பு. மனநோய் என்றார்கள். இப்போது சினைப்பையில் டெரடோமா கட்டி என்கிறார்கள். தொடர்பு உண்டா?

பதில்: இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கட்டியில் முடி, பல் மட்டுமல்ல, நரம்புத் திசுவும் இருக்கலாம். அதற்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்), மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறது. நரம்பணுவின் மேல் இருந்து சைகைகளை வாங்கும் புரதங்கள்தான் இந்த ஏற்பிகள். ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007இல் இதை விவரித்தார்கள். அதற்கு முன் இப்படிப்பட்ட எத்தனை பெண்கள் மனநல விடுதிகளில் முடங்கினார்களோ! முதுகுத் தண்டுநீரில் இந்த ஆன்டிபாடியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உறுதியானால் கட்டியை அகற்றி, எதிர்ப்புத் தாக்குதலை அடக்க ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் (கொடையாளர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி) அல்லது பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது) தருவார்கள். ஏற்பிகள் குறைகின்றனவே தவிர நரம்பணு பெரும்பாலும் சாவதில்லை. அதனால் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளுக்குள் நன்கு தேறுகிறார்கள். தேற மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. ரத்தத்தில் 'ஆன்டி-யோ' என்ற ஆன்டிபாடி இருக்கிறதாம். அவரும் அப்படித் தேறுவாரா?

பதில்: மழுப்ப விரும்பவில்லை, இது வேறு கதை. இந்த ஆன்டிபாடி குறிவைக்கும் யோ புரதம் அணுவுக்கு உள்ளே இருக்கிறது. ரத்தத்தில் தெரியும் ஆன்டிபாடி ஓர் அடையாளம்தான். அசைவுகளை ஒருங்கிணைக்கும் சிறுமூளையின் புர்கின்ஜி நரம்பணுக்களைக் கொல்வதில், எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளை அணுக்களில் ஒருவகையான டி-அணுக்களுக்கே முக்கியப் பங்கு என்று கருதுகிறோம். இறந்த அணு மீளாது. இருப்பதைக் காப்பதே குறிக்கோள். ஆகவே புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இயன்முறைப் பயிற்சியையும் விடாதீர்கள்.

கேள்வி: எனக்கும் இப்படி ஒரு ஆன்டிபாடி இருக்கிறது, உடலில் புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேனில் ஒன்றுமில்லை. நிம்மதியடையலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எந்த ஆன்டிபாடி என்பதைப் பொறுத்தது. புற்றுநோயோடு நெருங்கிய தொடர்புள்ளது என்றால், 4 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகள் வரை கட்டியைத் தேட வேண்டும்.

கேள்வி: இந்தச் சிகிச்சைக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் கட்டி வளர்ந்துவிடாதா?

பதில்: நியாயமான பயம். ஆனால் அப்படி அடக்கியதால் புற்றுநோய் முற்றியது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. எதிர்ப்பைத் தூண்டிவிடும் புதிய புற்றுநோய் மருந்துகளால் இந்த நரம்புக் கோளாறுகள் கிளம்புவதுதான் இப்போது நாங்கள் கவலையோடு கவனிப்பது. அந்தப் புதிய மருந்துகளை ஊசியாகப் போட்டுக்கொள்பவர்கள் இமை தொங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.