லேசிக்ஸும் ஃபுரோசமைடும் ஒன்றுதான், இரண்டையும் கொடுக்காதீர்கள்

மருத்துவர் சீட்டில் லேசிக்ஸ், கடையில் கொடுத்த அட்டையில் ஃபுரோசமைடு, அப்பாவுக்கு இரண்டையும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒரே நீர்பிரி மாத்திரைதான், அதாவது சிறுநீரை அதிகம் பிரியச் செய்வது. முதலாவது வணிகப் பெயர், அடுத்தது மருந்தின் பெயர், பழைய அட்டைகளில் ஃப்ருசமைடு என்று இருந்தாலும் அதுவேதான். சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகி, பொட்டாசியம் இறங்கி, எழுந்து நிற்கும்போதே தலை கிறுகிறுத்து விழக்கூடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அட்டையில் உள்ள மில்லிகிராமும் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும், 40 என்றால் 40.

அப்புறம், இந்த மருந்தின் வேலை ஆறு மணி நேரம் நீடிக்கும் என்பதை ஆங்கிலத்தில் 'லாஸ்ட்ஸ் சிக்ஸ்' என்று சொல்லி, அதைச் சுருக்கித்தான் லேசிக்ஸ் ஆனது என்பார்கள். அதனால்தான் பெரும்பாலும் காலையில் போடச் சொல்கிறார்கள். படுக்கும்போது போட்டால், பாவம், தூக்கக் கலக்கத்தில் கழிவறைக்கு நடந்தே அவருக்கு விடிந்துவிடும்.