ஊறுகாய் பாட்டிலும் காலித் தட்டும்

வணக்கம் அக்கா,

போலந்தில் வ்ரோத்ஸ்வாவ் நகரில் முதுகலை படிக்கிறேன். உடன் படிக்கும் நண்பன் டிசம்பர் 24 இரவு விருந்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். விகிலியா என்கிறார்கள். நான் சைவம், கிறிஸ்தவனும் இல்லை. அப்பம் போல எதையோ பிட்டுக் கொடுப்பார்களாம், வாங்கலாமா? உப்பு உறைப்பே இருக்காது என்று இங்குள்ள சீனியர்கள் சொல்கிறார்கள். அம்மா கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயை எடுத்துப் போனால் தப்பா? நீங்கள் இந்த ஊரில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் அந்த ஊரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் பிறந்தால் எனக்கு அப்படி ஆகிவிடுகிறது.

சைவம் பற்றிய கவலையை விடுங்கள். அன்றைக்கு அவர்கள் இறைச்சி தொடுவதில்லை. பன்னிரண்டு வகை வைப்பது வழக்கம். கெண்டையும் ஹெர்ரிங் மீனும் இருக்கும், அவற்றைத் தவிர்த்தாலும் வயிறு நிறையும். சூப்பில் மீன் சாறு உண்டா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். அந்த அப்பத்துக்கு ஒப்வாதெக் என்று பெயர். தேவாலயத்தில் தரும் நற்கருணை அல்ல அது. ஒருவர் கையில் இருப்பதை இன்னொருவர் கொஞ்சம் பிட்டுக்கொண்டு வாழ்த்துவார்கள். தாராளமாக வாங்குங்கள், நீங்களும் நீட்டுங்கள்.

சரி, அந்த சீனியர்கள். 'உப்பு உறைப்பு இல்லை' என்ற இந்தப் பேச்சை எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்! உப்பு இருக்கிறது தம்பி, மிளகாய்தான் இல்லை. மிளகாய் நம் ஊருக்கு வந்தே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுதான் ஆகிறது. அதற்கு முன்னால் நம் பாட்டன்மாருக்கு நாக்கே இல்லையா? பீட்ரூட்டைத் துண்டு போட்டு, பூண்டும் உப்புத் தண்ணீரும் சேர்த்து ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, அந்தச் சாற்றில் பர்ஷ்ச் என்ற சூப் செய்கிறார்கள். நீராகாரம் குடித்து வளர்ந்த நாக்குக்கு அந்தப் புளிப்பு பிடிபடவில்லை என்றால் நான் நம்பமாட்டேன். அதில் மிதக்கும் ஊஷ்கா, சின்னக் காது வடிவில் மடித்த மாவு. உள்ளே காட்டுக்காளான். இலையுதிர்காலத்தில் காட்டுக்குள் குனிந்து குனிந்து பொறுக்கி, நூலில் கோத்துக் காயவைத்து, அந்த ஒரு ராத்திரிக்காக எடுத்துவைத்தது. அதை ஒரு வாய் வைத்துவிட்டு 'ருசியில்லை' என்று சொல்வது சோம்பேறித்தனம். நாக்கு கொஞ்ச நேரம் காத்திருக்கக்கூட மறுக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு கோபமாகச் சொல்லக் காரணம் உண்டு. 2004-ல் நானும் ஒரு பாட்டில் கொண்டுபோனேன். அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாய். அழைத்தது வேலையிடத்துத் தோழி, சமைத்தது அவளுடைய பாட்டி. பாட்டி பிறந்தது ல்வூஃப் பக்கம். இன்று அது உக்ரைனில் இருக்கும் லிவிவ். 1945-ல் போலந்தின் எல்லை மேற்கே தள்ளிவைக்கப்பட்டது. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட வ்ரோத்ஸ்வாவுக்குக் கிழக்கே வீடிழந்தவர்கள் ஏராளமாக வந்து சேர்ந்தார்கள். அதனால்தான் அங்கே பல வீடுகளில் இன்னும் கூத்யா செய்கிறார்கள். கோதுமை, கசகசா, தேன். உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக, ஆளில்லாமல் இருந்தது. எல்லா வீட்டிலும் வைப்பார்கள், எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு. அந்த வீட்டில் அது பாட்டியின் அண்ணனுக்கும்தான். 1940-ல் சோவியத்காரர்கள் சைபீரியாவுக்கு ரயிலேற்றிய கூட்டத்தில் ஒருவர். திரும்பவில்லை.

எனக்கு அது எதுவும் அப்போது தெரியாது. ஒரு கரண்டி பர்ஷ்ச் குடித்தேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்து, ஊறுகாயை அதில் போட்டுக் கரைத்தேன். மாணிக்கம் மாதிரி இருந்த சூப் கலங்கிப்போனது. பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். யார் செய்தது என்று கேட்டார், தோழி மொழிபெயர்த்தாள். அம்மா என்றேன். அம்மா எங்கே? ஊரில். இன்றைக்குத் தனியாகவா இருக்கிறாள்? ஆமாம் என்றேன். பாட்டி எழுந்து வந்து பாட்டிலை இறுக்கி மூடி, வழிந்திருந்த எண்ணெயைத் துடைத்து, அந்தக் காலித் தட்டின் மேல் வைத்தார். அப்புறம் என் கிண்ணத்தைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றிக் கொடுத்தார்.

அந்த இரண்டாவது கிண்ணத்தைத்தான் நான் உண்மையில் குடித்தேன்.

ஊறுகாயை எடுத்துப் போங்கள் தம்பி. திறக்காமல் நண்பனின் அம்மா கையில் கொடுத்து, என் அம்மா போட்டது என்று போலிஷில் சொல்லுங்கள், அந்த நாலு வார்த்தையைக் கற்றுக்கொள்ள இன்னும் நாளிருக்கிறது. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்காருவார்கள், தாமதமாகப் போகாதீர்கள். நாலு மணிக்கெல்லாம் அங்கே இருட்டிவிடும். விருந்துக்குக் கிளம்பும்போது அம்மாவைக் கூப்பிடுங்கள். நம் ஊரில் அப்போது இரவு எட்டரை, தூங்கியிருக்கமாட்டார்.

அன்புடன்,
அக்கா