பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்தலாமா? கேள்வி பதில்

அம்பத்தூரில் பிக்கப் வண்டிகளின் சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறேன். லெவலிங் கிட், அதாவது தாழ்ந்து நிற்கும் முன்பக்கத்தைப் பின்பக்கத்தின் மட்டத்துக்கு உயர்த்தும் பாகங்கள், பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

புதிய ஹைலக்ஸ் பிக்கப் வாங்கினேன். பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு தாழ்ந்து நிற்கிறது. ஸ்பிரிங் பழுதா? (வேளச்சேரி)

பழுது இல்லை. பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங் சுமைக்காகச் செய்யப்பட்டது. வண்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் தூக்கி நிற்கும், சுமை ஏறினால் மட்டத்துக்கு வரும். ஆகவே தினமும் சரக்கு ஏற்றுபவர் என்றால் இந்தக் கிட்டே உங்களுக்கு வேண்டாம். முன்பக்கத்தை உயர்த்திவிட்டுப் பின்னால் பாரம் வைத்தால் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும்.

எத்தனை அங்குலம் உயர்த்துவது? (தாம்பரம்)

அளந்து பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, வழக்கமாக வைத்திருக்கும் சாமான்களோடு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். மட்கார்டு வளைவு முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்காது என்பதால், கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் இரு முனையிலும் பாருங்கள். வந்த வித்தியாசத்தில் அரை அங்குலம் குறைத்தே உயர்த்துங்கள். அந்த அரை அங்குலம் பின்னால் ஏறும் ஆட்களுக்கும் சாமானுக்கும்.

ஸ்பேசர் போதுமா, ஸ்பிரிங்கையே மாற்றுவதா? (போரூர், இசுஸு வி-கிராஸ் பிக்கப்)

ஸ்ட்ரட்டின் (காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதி) தலையில் வைக்கும் ஸ்பேசர் என்ற இடைக்கட்டைதான் விலை குறைவு. ஆனால் பலர் ஏமாறும் இடமும் இதுதான். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல்கை, கீழ்க்கை என்ற இரண்டு கைகளில், ஸ்ட்ரட் கீழ்க்கையின் நடுப்பகுதியில் பொருந்தியிருப்பதால், ஒரு அங்குலக் கனம் வைத்தால் சக்கரத்தருகே ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயரும். "இரண்டு அங்குலம் வேண்டும்" என்று இரண்டு அங்குலக் கட்டையை வைத்துவிட்டு, மேல்கையின் பால் ஜாயின்ட் (கையைச் சக்கரப் பக்கம் இணைக்கும் உருண்டை மூட்டு) முட்டி நிற்கும் நிலையில் என்னிடம் வந்த வண்டிகள் உண்டு. காயிலை அமுக்கி உள்ளே வைக்கும் வகை இன்னொன்று. அதில் ஷாக் அப்சார்பர் நிற்கும்போதே வழக்கத்தைவிட நீண்டுவிடுகிறது. வேகத்தடையிலிருந்து இறங்கும்போது 'டக்' என்று அடித்தால் காரணம் அதுவே. முன்னால் வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவட உருளை) போன்ற கனம் இருந்தால் ஸ்பேசரை மறந்துவிடுங்கள். அந்த எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முழு ஸ்ட்ரட்டே சரி. அதற்குப் பணம் இல்லையென்றால் காத்திருங்கள்.

எதைப் போட்டாலும், கைகளின் புஷ் (ரப்பர் வளையம்) போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும்போது முறுக்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் திருகிக் கிழியும். அன்றே வீல் அலைன்மென்ட், விளக்கின் உயரம் இரண்டையும் சரிசெய்யுங்கள்.

என்னுடையது நான்கு சக்கர இயக்கம். மூன்று அங்குலம் உயர்த்த ஆசை. (அண்ணா நகர்)

வேண்டாம். முன் ஆக்சில் தண்டு அதிகச் சாய்வில் சுழன்றால் ரப்பர் உறை மடிப்பிலேயே தேயும். சக்கரத்தைக் கழற்றினால் ரிம்மின் உள்பக்கமெங்கும் கருப்பு கிரீஸ் சிதறியிருப்பதைக் காணலாம். உறைக்குள் இருக்கும் மூட்டில் மணலும் நீரும் புகுந்தபின், திரும்பும்போதெல்லாம் 'கட கட' என்னும். இரண்டு அங்குலத்தோடு நிறுத்துங்கள்.

மழை வெள்ளத்தில் போக உதவுமா? (பள்ளிக்கரணை)

முன்பக்கம் மட்டும் உயர்வதால் பின் ஆக்சில் ஓர் இழைகூட மேலே வராது. எஞ்சின் காற்று இழுக்கும் வாய் இரண்டு அங்குலம் ஏறியதை நம்பித் தண்ணீரில் இறங்காதீர்கள். நீர் உள்ளே போனால் எஞ்சினே போய்விடும்.

புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஸ்பிரிங் கிடைக்கிறது, வாங்கலாமா? (ராயப்பேட்டை)

அங்கே கதவு, கண்ணாடி வாங்குங்கள். எத்தனை வருடம் எவ்வளவு பாரம் தாங்கியது என்று தெரியாத ஸ்பிரிங் வேண்டாம்.

ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா? (ஆவடி)

வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பொருத்துமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். விபத்து நடந்தபின் முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.