மாலைதீவுக்குப் பாய்மரப் படகில் பிள்ளைகளோடு போகலாமா?

கேள்வி: என் அண்ணா அவுஸ்திரேலியாவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகு ஓட்டி வந்து காலித் துறைமுகத்தில் நிற்கிறார். பெப்ரவரியில் மாலைதீவுக்குப் புறப்படுகிறார். நானும் கணவரும் 9, 5 வயதுப் பிள்ளைகளும் கூடப் போகலாமா? பெரியவனுக்கு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. (வெள்ளவத்தை வாசகி)

பதில்: காலத்தை உங்கள் அண்ணா சரியாகத் தேர்ந்திருக்கிறார். பெப்ரவரியில் வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும். மே மாதத்தில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் அதே வழியில் காற்று முகத்தில் அறையும். அந்த மாதங்களில் வெள்ளவத்தை ரயில் பாதையோரக் கற்களில் அலை மோதுவதைப் பார்த்திருப்பீர்கள். காலியிலிருந்து மாலே ஏறக்குறைய 415 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் ஓடினால் மூன்றரை நாள்.

பிள்ளைகளின் வயதைவிட, இரவில் விழித்திருக்கக்கூடிய பெரியவர்கள் எத்தனை பேர் என்பதே எனக்குக் கவலை. அந்த வழியைச் சரக்குக் கப்பல்கள் குறுக்கறுக்கின்றன. தொலைவில் விளக்காகத் தெரியும் கப்பல் இருபது நிமிடத்தில் பக்கத்தில் வந்துவிடும். ஆகவே இரவு முழுவதும் ஒருவர் மேல்தளத்தில் கண் விழித்திருந்தே ஆக வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போனது. அதில் காவல் மாற ஆட்கள் இருந்தார்கள். உங்கள் படகில் கணவர் வாந்தியில் படுத்து, நீங்கள் பிள்ளைகளோடு கட்டுண்டால், அண்ணா ஒருவரே மூன்று இரவும் விழிக்க நேரும். கடலில் பழகிய இன்னொருவர் வராவிட்டால் போகாதீர்கள் என்றே சொல்வேன்.

இரண்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைத்தான் கடல் மயக்கம் அதிகம் தாக்குகிறது. உடல் பழக இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் உங்கள் பயணமே முடியும் தறுவாய்க்கு வந்துவிடும்! எடைக்கேற்ற மருந்தை வைத்தியரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பின் கொடுத்தால் வயிற்றில் தங்காது. வாந்தியால் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பொட்டலங்கள் தாராளமாக வைத்திருங்கள். பெரியவனைப் படகின் நடுப்பகுதியில் கண்ணை மூடி மல்லாந்து படுக்க விடுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு.

அடுத்தது கயிறு. உயிர்காப்பு அங்கி இருக்கிறதே என்று நிம்மதியடையாதீர்கள். 5 கடல் மைல் வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 150 மீற்றர் விலகிவிடும். அலைகளுக்கிடையே ஒரு சிறு தலை கண்ணுக்கே தெரியாது. மேலே வரும் ஒவ்வொரு தடவையும், பகலானாலும், பிள்ளையின் உடற்பட்டையை (மார்பைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்புப் பட்டி) படகோடு கயிற்றால் இணைத்த பிறகே படியை விட்டு ஏற்றுங்கள். இருட்டிய பின் பிள்ளைகளுக்கு மேல்தளம் வேண்டாம். இதில் நான் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இணங்கமாட்டேன்.

தண்ணீரை ஏழு நாளுக்குக் கணக்கிடுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீட்டர் என்றால் ஐந்து பேருக்கு 140 லீட்டர். நான்காவது பெரியவரும் வந்தால் 168. ஒரு பகுதி தனிக் கேன்களில் இருக்கட்டும். அபாய சமிக்ஞைக் கருவி அண்ணாவின் படகின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, பற்றரி காலாவதியாகவில்லையா என்று அவரிடம் கேளுங்கள், அவர் கோபிக்கமாட்டார்.

முடிவெடுக்குமுன், துறைமுக அனுமதியோடு ஒரு மாலையில் காலியிலிருந்து புறப்பட்டு மறுநாள் மாலை அங்கேயே திரும்பிப் பாருங்கள். கணவரால் அந்த இரவில் மூன்று மணி நேரம் காவல் நிற்க முடியவில்லையென்றால், அண்ணா முன்னே போகட்டும். நீங்கள் கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மாலே. அங்கே பவளத்தீவுகளுக்கு உள்ளே அலை அடங்கிய நீரில், பகலில், பிள்ளைகளோடு பாய் விரிக்கலாம்.