விசித்திரமாகத் தோன்றினாலும் உண்மையில் சுவையாக இருக்கும் உணவுச் சேர்க்கைகள் எவை?

என் முதல் பதில் வெனிலா ஐஸ்கிரீம் மேல் சில சொட்டு சோயா சாஸ்.

இதைச் சொன்னதும் முகம் சுளிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்த பிறகும் சுளித்தபடியே இருந்தவர்கள் குறைவு. உப்பு சேர்த்த கேரமல் சாப்பிட்டிருந்தால் கிட்டத்தட்ட அந்தச் சுவைதான். உப்பு மட்டும் இதற்குக் காரணமில்லை. சோயாவும் கோதுமையும் மாதக்கணக்கில் நொதிக்கும்போது கேரமல் மணம் கொண்ட சேர்மங்கள் சாஸில் உருவாகின்றன. சாஸைத் தனியாக நக்கிப் பார்த்தால் உப்பின் வேகத்தில் அந்த மணம் அமுங்கிவிடும். ஐஸ்கிரீமின் கொழுப்பும் சர்க்கரையும் உப்பைத் தணித்ததும் அது மேலே வருகிறது. ஒரு கிண்ணத்துக்கு நாலைந்து சொட்டு போதும், அதற்கு மேல் போனால் உப்புதான் தெரியும்.

இந்த மாதிரிச் சேர்க்கைகளைத் தேடித் தேடிச் சாப்பிடுகிறவன் என்ற முறையில் நான் நம்புவது இதுதான்: இரண்டு பொருட்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பதை விட, ஒன்று மற்றதற்கு என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வேலை எதுவும் செய்யாத சேர்க்கை வெறும் வேடிக்கை. ஒரு தடவை சிரித்துவிட்டு மறந்துவிடுவோம்.

அதிகம் வேலை செய்வது உப்பு. காபியில் சர்க்கரைக்குப் பதில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள். சிட்டிகை என்றால் உண்மையிலேயே சிட்டிகை, உப்புக் கரிப்பு தெரியக்கூடாது. கசப்பு தணிந்து, காபியின் மணம் தெளிவாகத் தெரியும். டார்க் சாக்லேட் மேல் நான்கைந்து உப்புக்கல், பப்ளிமாஸ் வகைப் பழங்களின் மேல் கொஞ்சம் தூள் உப்பு, எல்லாம் இதே கதைதான். பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியம் உப்பைச் சேர்த்தபோது கசப்பு குறைந்தது. கசப்பு இதுவரை அமுக்கி வைத்திருந்த இனிப்பும் அதனால் கூடுதலாகத் தெரிந்தது. அதாவது ஒரு துளி சர்க்கரைகூடச் சேர்க்காமலே பண்டம் இனிப்பாகிறது! இதை வீட்டிலேயே சரிபார்க்க டானிக் வாட்டர் நல்ல பொருள். அந்தக் குளிர்பானத்தில் குயினைன் என்ற பொருளின் கசப்பும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் கொஞ்சம் உப்பைக் கரைத்து மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

தர்பூசணிக்கு உப்பு தூவுவதும் எனக்குப் பிடித்தது. குறிப்பாக, தோலை ஒட்டிய வெளிறிய பகுதியில் இருக்கும் பச்சை வாடை உப்பு பட்டதும் அடங்கிவிடும். நன்றாகப் பழுத்த நடுப்பகுதிக்கு நான் தூவ மாட்டேன், அதற்குத் தேவையில்லை.

சூடான பிரெஞ்சு ஃபிரைஸைக் குளிர்ந்த மில்க் ஷேக்கில் தொட்டுச் சாப்பிடுவதை இப்போது பலரும் விசித்திரமாகவே நினைப்பதில்லை. இதில் உப்பு, இனிப்பு மட்டுமல்ல, சூடும் குளிரும், மொறுமொறுப்பும் வழவழப்பும் ஒரே வாயில் மோதுகின்றன. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் நாக்கு சலித்துவிடும். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதனைகளில் காட்டினார். ஒரு உணவு திகட்டிப் போனவர்களும் வேறு உணவை விருப்பத்தோடு சாப்பிட்டார்கள். ஷேக்கும் ஃபிரைஸும் மாறி மாறி வரும்போது எதுவும் திகட்ட வாய்ப்பில்லாமல் போகிறது. அளவில்லாமல் உள்ளே போவதற்கும் அதுதான் காரணம், கவனம்.

அடுத்தது வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வினிகரில் ஊறிய வெள்ளரித் துண்டுகள். கடலை வெண்ணெய் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கனமாக உட்காரும். புளிப்பு வந்து அதை வெட்டிவிடுகிறது. வெண்ணெய் இனிப்பில்லாததாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். சாக்லேட்டும் மிளகாயும் பற்றி நான் நீட்டி முழக்கத் தேவையில்லை. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அடங்கிய மெசோ அமெரிக்கப் பகுதியின் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கொக்கோ பானத்தில் மிளகாய் கலந்து குடித்தவர்கள். நமக்குத்தான் அது புதுசு.

அப்புறம், மணம் ஒத்துப்போகும் பொருட்கள் சேர்ந்தால் ருசிக்கும் என்று ஒரு கோட்பாடு உண்டு. இங்கிலாந்து சமையல்காரர் ஹெஸ்டன் புளூமென்தால் வெள்ளை சாக்லேட்டையும் காவியார் என்ற மீன் முட்டையையும் சேர்த்துப் பரிமாறியதிலிருந்து இது பிரபலமானது. இரண்டிலும் பொதுவான சேர்மங்கள் இருக்கின்றன என்பது வாதம். கேட்க அழகாக இருக்கிறது, சில இடங்களில் சரியாகவும் வருகிறது. ஸ்ட்ராபெர்ரிக்கும் தக்காளிக்கும் ஃபியூரனியால் என்ற மணச் சேர்மம் பொது. இரண்டையும் நறுக்கி, ஆலிவ் எண்ணெயும் உப்பும் மிளகும் சேர்த்துப் பிசிறினால் எது எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த சாலட் என் பட்டியலில் ஐஸ்கிரீமுக்கு அடுத்த இடம்.

ஆனால் அந்தக் கோட்பாட்டை நான் முழுசாக ஏற்கவில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு 56,498 சமையல் குறிப்புகளை அலசியது. வட அமெரிக்க, மேற்கு ஐரோப்பியச் சமையலில் பொது மணம் கொண்ட பொருட்கள் சேர்வது அதிகம். கிழக்காசியச் சமையலிலோ அப்படிப்பட்ட பொருட்களைச் சேர்க்காமல் தவிர்க்கும் போக்கு தெரிந்தது. இரண்டு பக்கமும் ருசியான சாப்பாடுதானே? புளூமென்தாலே பின்னாளில், சேர்மப் பட்டியல் நல்ல சுவைக்குக் குறுக்குவழி அல்ல என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

அன்னாசி போட்ட பீட்சாவைச் சொல்லாமல் விட முடியாது. 1962-இல் கனடாவின் ஆன்டாரியோவில் உணவகம் நடத்திய சாம் பனோபூலஸ், டப்பாவில் அடைத்த அன்னாசியைப் பீட்சாவில் போட்டுப் பார்த்தார். இன்றுவரை சண்டை ஓயவில்லை. முடிந்தால் தடை செய்துவிடுவேன் என்று 2017-இல் ஐஸ்லாந்து அதிபரே சொல்லி, தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பிறகு விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. நான் அன்னாசியின் பக்கம். உருகிய சீஸ், உப்புள்ள இறைச்சி இரண்டுமே கனம். நடுவில் இனிப்பும் புளிப்பும் உள்ள சாறு கட்டாயம் வேண்டும். துண்டுகளின் நீரை நன்றாக வடித்துவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் மாவு ஊறிப் போகும். அன்னாசி பீட்சாவைத் திட்டுகிறவர்களில் பலர் சாப்பிட்டது அந்த ஊறிப்போன பீட்சாவைத்தான் என்பது என் சந்தேகம்.

ஆனால் இதே அன்னாசியைப் புதிதாக நறுக்கிப் பாலிலோ தயிரிலோ கலந்து வைக்காதீர்கள். அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைக்கும், கொஞ்ச நேரத்தில் கசப்பு ஏறிவிடும். டப்பா அன்னாசி சூடாக்கப்பட்டது என்பதால் நொதி செயலிழந்திருக்கும், அது பரவாயில்லை. புதுப் பழம்தான் வேண்டும் என்றால் ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கலக்கலாம், அல்லது கலந்த கையோடு சாப்பிட்டுவிடலாம்.

புதுசாக முயல்கிறவர்களுக்கு ஒரு யோசனை. எதையும் கிண்ணம் முழுக்கக் கலக்காதீர்கள். ஒரு கரண்டியில் மட்டும் சேர்த்து, இரண்டாவது வாய்க்குப் பிறகு முடிவு செய்யுங்கள். முதல் வாயில் நாக்கு அதிர்ச்சியைத்தான் ருசிக்கும். எங்கே தொடங்குவது என்று கேட்டால், வெனிலா ஐஸ்கிரீம் மேல் நல்ல ஆலிவ் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, நொறுக்கிய உப்புக்கல் கொஞ்சம். சோயா சாஸுக்குத் துணிச்சல் வராதவர்களும் இதைச் சாப்பிட்டுவிடுவார்கள்.