புதன்கிழமை ஐந்து, ஞாயிற்றுக்கிழமை பத்து: கேட்டவர்களுக்குப் பதில்

குடியரசு தின 5 கி.மீ. ஓட்டம் புதன்கிழமை காலை, அதே ஞாயிறு 10 கி.மீ. நம் மதுரைக் கூட்டத்தில் பாதிப் பேர் இரண்டுக்கும் பெயர் கொடுத்துவிட்டு ஆளாளுக்குத் தனியாக போன் செய்கிறீர்கள். எல்லாவற்றையும் இங்கேயே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பவள், டாக்டர் இல்லை. சுகர், பிரஷர், மாத்திரை பற்றிய கேள்விகளை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதற்கு முன்பே இரண்டு சொல்லிவிடுகிறேன்: காய்ச்சலோடு ஓடாதீர்கள், வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.

திருநகரிலிருந்து: அக்கா, ரெண்டும் ஓடலாமா? ஒரு வருஷமா வாரம் நாலு நாள் ஓடுறேன். புதன் ஓடினா ஞாயிறு கால் எழுந்திருக்குமா?

தாராளமாக ஓடலாம். வாரம் நாலு நாள் ஓடிப் பழகிய உடம்புக்கு 5 கி.மீ. பந்தயம் பெரிய சேதம் இல்லை. தசையில் சேர்ந்திருக்கும் சக்தி 5 கி.மீ.க்குள் காலியாகிவிடாது, செலவானதும் நன்றாகச் சாப்பிட்டால் ஒரு நாளில் திரும்பிவிடும். மிஞ்சுவது தசை வலி. அது ஓடிய அன்று தெரியாது, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். அதாவது வெள்ளிக்கிழமை காலை படி இறங்கும்போது தொடை பிடிக்கும், போச்சு, ஞாயிறு அவ்வளவுதான் என்று நினைப்பீர்கள். நினைக்க வேண்டாம், சனிக்கிழமையிலிருந்து இறங்க ஆரம்பித்துவிடும்.

ஆனால் ஒன்று. இப்படி அடுத்தடுத்து ஓடுகிறவர்களை நான் பார்த்தவரை, இரண்டாவது ஓட்டத்தைக் கெடுப்பது முதல் ஓட்டம் இல்லை, நடுவில் இருக்கும் மூன்று நாள். வியாழன் அன்று 'உடம்பு லேசா இருக்கே' என்று பன்னிரண்டு கி.மீ. போவார்கள். வெள்ளி அன்று கால் சரியாகிவிட்டதா பார்க்கிறேன் என்று ஒரு கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பார்கள். சனிக்கிழமை தை முகூர்த்தம், ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் நின்று, போட்டோ எடுத்து, பதினொரு மணிக்கு பந்தியில் உட்கார்ந்து, ஒரு மணிக்குப் படுத்து, நாலு மணிக்கு அலாரம். பத்து கி.மீ.க்கு வேண்டியதெல்லாம் அந்த மண்டபத்திலேயே தீர்ந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். புதன் ஓட்டம் முடிந்ததும் உட்காராமல் பத்து நிமிடம் மெதுவாக ஓடவோ நடக்கவோ செய்யுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் வயிறாரச் சாப்பிடுங்கள். வியாழன் ஓட்டம் கிடையாது, அரை மணி நேரம் நடந்தால் போதும். வெள்ளி இருபத்தைந்து முப்பது நிமிடம், பக்கத்தில் வருகிறவரோடு வீட்டுக்கதை பேசிக்கொண்டே ஓடும் வேகம், அதற்கு மேல் வேண்டாம். சனி கால் மணி நேரம் மெதுவாக, கடைசியில் பதினைந்து இருபது விநாடிக்கு நாலு தடவை கொஞ்சம் வேகம், முழு வேகம் இல்லை. கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கே போய் மொய் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கே.புதூரிலிருந்து: ரெண்டையும் முழு வேகத்துல ஓடக் கூடாதா அக்கா? பெரிய வீரர்கள் எல்லாம் ஓடுறாங்களே?

ஓடுகிறார்கள். நம்ம புதுக்கோட்டைக்காரர் ஜி. லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் முதல் நாள் 5,000 மீட்டர், கடைசி நாள் 10,000 மீட்டர், இரண்டிலும் தங்கம் வாங்கினார். உங்கள் இரண்டு தூரமேதான், இடைவெளியும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அந்த 5,000-ஐ அவர் எப்படி ஓடினார் என்று பாருங்கள். 14 நிமிடம் 54 விநாடி. அவருடைய சிறந்த நேரம் 14 நிமிடத்துக்கும் கீழே. ஜெயிக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் செலவழித்தார். பத்தாயிரத்துக்குக் கால் மிச்சம் இருந்தது. அந்த அடக்கத்தைத்தான் என் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எந்த நாள் உங்கள் நாள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஞாயிறு என்றால் புதன்கிழமை முதல் மூன்று கி.மீ. ஒரு முழு வாக்கியம் பேசக்கூடிய வேகத்தில் போங்கள், கடைசி இரண்டில் கொஞ்சம் ஏற்றுங்கள். புதன் என்றால் அன்று இருப்பதையெல்லாம் கொடுங்கள், ஞாயிறு கூட்டத்தோடு ஜாலியாக ஓடுங்கள். துப்பாக்கி வெடித்த பிறகு முடிவெடுக்கிறேன் என்றால் பக்கத்தில் ஓடுகிறவர்தான் உங்களுக்காக முடிவெடுப்பார்.

மேலூரிலிருந்து: எனக்குத் தலைகீழ். ஊர்ல பத்து முதல்ல, மூணு நாள் கழிச்சு அஞ்சு.

கொஞ்சம் கஷ்டம், ஆனால் செய்யலாம். பத்தை அடக்கி ஓடுங்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கிய ஓட்டக்காரர் எமில் ஸாடோபெக் இந்த வரிசையில்தான் ஓடினார், 10,000 முதலில், நாலு நாள் கழித்து 5,000 இறுதி, இன்னும் மூன்று நாளில் மாரத்தான், மூன்றும் தங்கம். அவர் பயிற்சி செய்த அளவு வேறு, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

விளாங்குடியிலிருந்து: ஓடுறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடணும்? பொங்கல் வடை ஓகேவா?

நெய் விட்ட வெண்பொங்கல் வேண்டவே வேண்டாம், வயிற்றில் கல்லாக நிற்கும். ஆறு மணி ஓட்டம் என்றால் நாலரைக்கு ஒரு வாழைப்பழம், அல்லது எண்ணெய் விடாத பொடியோடு ரெண்டு இட்லி. காபி பழக்கம் இருந்தால் குடியுங்கள், பழக்கம் இல்லாதவர்கள் அன்றைக்குப் போய் ஆரம்பிக்க வேண்டாம். ஜனவரிக் காலையில் 5 கி.மீ.க்கு நடுவில் தண்ணீர் தேவைப்படாது. ஓடி முடித்த பிறகு சர்க்கரைப் பொங்கல் கிடைத்தால் சாப்பிடுங்கள், அரிசியும் வெல்லமும் அந்த நேரத்துக்கு நல்ல சாப்பாடு.

ஆனையூரிலிருந்து: எனக்கு ஞாயிறு பீரியட்ஸ் தேதி அக்கா. பத்தை விட்டுரவா?

தேதியைப் பார்த்து விடாதீங்க, அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பல பேருக்கு முதல் நாள் லேசாக ஓடினால் வயிற்று வலி குறைந்த மாதிரிகூட இருக்கும், சில பேருக்கு எழுந்திருக்கவே முடியாது, இரண்டும் சகஜம். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் புதனை உங்கள் நாளாக வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு எப்படிப் போனாலும் சரி என்று இருக்கலாம். கருப்பு டைட்ஸ், இடுப்புப் பையில் மாற்று நாப்கின், தொடை உரசும் இடத்தில் வாசலின். கிளம்பும் இடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் வைப்பார்கள். அதிக ரத்தப்போக்கு, மூச்சு வாங்குதல், எப்போதும் சோர்வு இருந்தால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். நம் பெண்களில் நிறையப் பேர் ரத்தசோகையோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், ஸ்டாமினா இல்லை என்று தங்களையே திட்டிக்கொண்டு. இது எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் ஆதங்கம்.

திருமங்கலத்திலிருந்து: ரெண்டு ஓட்டத்துக்கும் நடுவுல நாலு நாள் போதுமா?

முதல் பதில்.

அண்ணா நகரிலிருந்து: போன மாசம் தெப்பக்குளம் பக்கம் ஓடின 5 கி.மீ. என் வாட்ச்ல 5.14 காட்டுச்சு. 27 நிமிஷம். அப்ப நிஜமா நான் 5-ஐ இன்னும் வேகமா முடிச்சிருக்கேன்ல? அந்த வேகத்தை வச்சு பத்துக்கு பிளான் போடலாமா?

கூடாது, இதுதான் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கும் இன்னொரு வழி. உங்கள் நேரம் 27, அவ்வளவுதான். ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்க பீட்டர் ரீகல் என்பவரின் சூத்திரம் ஒன்று உண்டு: தூரம் இரட்டிப்பானால் நேரம் ஏறக்குறைய 2.085 மடங்கு. அப்படிப் பார்த்தால் உங்களுக்குப் பத்து 56 நிமிடம் 20 விநாடி பக்கம் வரும், கிலோமீட்டருக்கு 5:38.

மறுபடியும் அண்ணா நகர்: வாட்ச் பொய் சொல்லுமா? சாட்டிலைட்ல இருந்து வருதுக்கா.

கோச்சடையிலிருந்து: நடத்துறவங்கதான் தப்பா அளந்திருப்பாங்க. பைக் மீட்டரை வச்சு அளக்கிறாங்க, நானே பார்த்தேன்.

செல்லூரிலிருந்து: எனக்கு அதே ஓட்டம் 4.93 காட்டுச்சே!

ஒரே ஓட்டம், ஒருவருக்கு 5.14, ஒருவருக்கு 4.93. இதிலேயே பதில் இருக்கிறது. வாட்ச் நீங்கள் ஓடிய கோட்டை அளப்பதில்லை, சில விநாடிக்கு ஒரு தடவை ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கூட்டுகிறது. மாசி வீதிகளில் இரண்டு பக்கமும் கட்டடம், சிக்னல் சுவரில் பட்டு வரும், புள்ளி தெருவுக்கு வெளியே போய் உட்காரும். வீட்டுக்குப் போய் மேப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஜவுளிக்கடைக்குள்ளே ஓடியிருப்பீர்கள். வளைவை வெட்டிக் கூட்டினால் தூரம் குறையும், கோணல்மாணலாகக் கூட்டினால் கூடும்.

அப்புறம் நீங்கள் ஓடிய கோடு. முறையாக அளக்கிறவர்கள் அளவு சரிபார்த்த சைக்கிளில், முன்சக்கரம் சுற்றுவதை எண்ணும் ஜோன்ஸ் கவுன்ட்டர் மாட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளிப் போவார்கள். அதன் மேல் ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டி வைப்பார்கள், தூரம் குறைந்துவிடக் கூடாதே என்று. அதனால் 10 கி.மீ. என்பது 10 மீட்டர் கூடத்தான் இருக்கும். நாம் அப்படியா ஓடுகிறோம்? கூட்டத்தைச் சுற்றி, தண்ணீர் மேஜைக்கு ஒதுங்கி, போட்டோகிராபரைப் பார்த்து அந்தப் பக்கம் போய் ஓடுகிறோம். தெப்பக்குளத்தை உள் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் மட்டும் வெளியே தள்ளிச் சுற்றினாலே ஒரு சுற்றுக்கு ஆறு மீட்டருக்கு மேல் கூடும். வாட்ச் கொஞ்சம் அதிகமாகக் காட்டினால் அளவு தப்பு என்று சொல்ல முடியாது.

கோச்சடை: ஆனா பைக் மீட்டர்?

அது நியாயமான புகார். பைக் மீட்டரிலோ போனிலோ அளந்தால் நூறு இருநூறு மீட்டர் தள்ளிப்போவது சாதாரணம். காசு வாங்கி, நேரம் போட்ட சான்றிதழ் கொடுக்கிறவர்கள் எப்படி அளந்தோம் என்று எழுதிப் போட வேண்டும். நான் உங்கள் பக்கம். அப்படி அளந்த ஓட்டத்தின் நேரத்தை எதோடும் ஒப்பிடாதீர்கள், புதன் ஓட்டத்தையும் ஞாயிறு ஓட்டத்தையும்கூட.

அண்ணா நகர்க்காரர் இதைக் கேளுங்கள். உங்கள் வாட்ச் ஞாயிறும் இதே அளவு கூட்டிக் காட்டினால் பத்து கி.மீ. அதில் 10.28. நீங்கள் வாட்சில் 5:38 பார்த்துக்கொண்டே ஓடினால் முடிக்கும்போது 58 நிமிடம் ஆகப்போகும். ஒன்றரை நிமிடம் வீண், கால் மேல் எந்தத் தப்பும் இல்லாமல். அதனால் வாட்ச் தானாகவே கிலோமீட்டர் பிரிக்கும் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, கி.மீ. பலகை வரும்போது நீங்களே பட்டனை அழுத்துங்கள். நாலு கிலோமீட்டர் வரை 5:40-ஐ விட வேகமாகப் போகாதீர்கள்.

செல்லூர்: என் 4.93-க்கு என்ன செய்யட்டும்?

அதே பட்டன்.

எல்லீஸ் நகரிலிருந்து: முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. புதன் ஓடிட்டு ஞாயிறு பார்க்கலாமா?

ஒரு விரலால் அந்த எலும்பை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி நீளமாகப் பரவலாக இருந்தால் பெரும்பாலும் தசையும் சவ்வும் இழுத்த வலி. ஒரே இடத்தில், விரல்நுனி அளவுக்கு, தொட்டாலே துள்ளுகிற மாதிரி இருந்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் விரிசலாக இருக்கலாம். புதனும் கிடையாது ஞாயிறும் கிடையாது, எலும்பு டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்று ஓட வந்துவிடாதீர்கள். வலி மாத்திரை போட்டு மறைப்பது இந்த விஷயத்தில் மிக ஆபத்து.

பழங்காநத்தத்திலிருந்து: அடியில கார்பன் தகடு வச்ச புது ஷூ வாங்கிட்டேன், புதனுக்குப் போடவா?

பழைய ஷூ. இரண்டு நாளும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: பையனுக்கு ஒன்பது வயசு, ரெண்டும் ஓடணும்னு அடம்.

5 கி.மீ.யை அவன் இஷ்டத்துக்கு ஓடியும் நடந்தும் முடிக்கட்டும், கூடவே நீங்கள் போங்கள். பத்து வேண்டாம். அடம் அவனுடையதா உங்களுடையதா என்றும் யோசியுங்கள், நான் பள்ளியில் தினமும் பார்க்கிறேன்.

வில்லாபுரத்திலிருந்து: ரெண்டும் ஓடலாமா?

எத்தனாவது தடவை! மேலே போய் திருநகர், கே.புதூர் இரண்டு பதிலையும் படியுங்கள்.

மாட்டுத்தாவணி பக்கமிருந்து: பதில் தெரிஞ்ச மாதிரிதான், இருந்தாலும் கேக்குறேன். டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை ஒண்ணு போட்டா புதன் வலி தெரியாம ஞாயிறு ஓடிரலாம்னு ஜிம்ல சொல்றாங்க.

தெரியாமல் ஓடுவதுதான் பிரச்சினை. உடம்பில் தண்ணீர் குறைந்து சூடேறியிருக்கும்போது அந்த வகை மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். ஐந்து பத்து கி.மீ.க்கு இந்த விலை கொடுக்கவே கூடாது. மாத்திரை இல்லாமல் ஓட முடியாது என்றால் அன்றைக்கு ஓட்டம் இல்லை.

கூடல் நகரிலிருந்து: திங்கள்கிழமை காய்ச்சல் 101. செவ்வாய் விட்டுருச்சு. புதன் விட்டுட்டு ஞாயிறு மட்டும் ஓடவா அக்கா? பணம் கட்டியாச்சு.

ஞாயிறும் வேண்டாம். வெறும் மூக்கடைப்பு, தும்மல் என்றால் வேறு பேச்சு. காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச்சளி என்று வந்த வாரத்தில் வேகமாக ஓடினால் இதயத் தசையில் வீக்கம் வர வாய்ப்பிருக்கிறது. அரிதுதான், வந்தால் உயிருக்கே ஆபத்து. இது டெங்கு வருகிற காலமும்கூட, காய்ச்சல் விடும் சமயத்தில்தான் பிளேட்லெட் அதிகமாக இறங்கும், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உங்கள் எண் அட்டையைத் தம்பியிடம் கொடுத்து ஓடச் சொல்லவும் வேண்டாம், அவர் மயங்கி விழுந்தால் உங்கள் பெயரிலும் உங்கள் ரத்த வகையிலும்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். டீ-ஷர்ட்டை யாராவது வாங்கி வந்து தருவார்கள், நான் சொல்லி வைக்கிறேன்.