சக்கர வேக சென்சாரும் ஏபிஎஸ் விளக்கும்: கேள்வி பதில்

கேள்வி: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. பழுது எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் சி0035 என்று காட்டுகிறது. முன் இடது சென்சாரை மாற்றிவிடலாமா?

பதில்: வாங்குவதற்கு முன் கம்பியைப் பாருங்கள். முன் இடது சக்கரத்தின் வேகச் சுற்றில் பழுது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறதே தவிர, சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. சென்சார், கனெக்டர், கட்டுப்பாட்டுப் பெட்டிவரை செல்லும் இரட்டைக் கம்பி, சக்கரத்தோடு சுழலும் வளையம் (பல்வளையம் அல்லது காந்த வளையம்) ஆகிய எல்லாம் சேர்ந்ததே அந்தச் சுற்று. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மடங்கி நிமிரும் இடத்தில் கம்பி உள்ளுக்குள் அறுந்திருக்கலாம். மேலுறை முழுதாக இருப்பதால் வெளியே தெரியாது. ஸ்கேனரில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் சக்கரத்தைச் சுழற்ற, மற்றொருவர் கம்பியை அசைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மல்டிமீட்டரில் ஓம் அளந்தேன், அளவே காட்டவில்லை. சென்சார் போய்விட்டதா?

பதில்: முதலில் அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். காந்தமும் சுருளும் கொண்ட பழைய வகையில் பெரும்பாலும் 800 முதல் 2,000 ஓம் வரை காட்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் மாறுதிசை மின்னழுத்தமும் எழும். காந்தப்புலத்தால் மின்னழுத்தம் எழும் ஹால் விளைவில் அல்லது காந்தப்புலத்தால் மின்தடை மாறுவதில் இயங்கும் புதிய வகை, மின்சாரம் கொடுத்தால்தான் பேசும்; அதன் மின்னோட்டம் ஏறத்தாழ 7, 14 மில்லிஆம்பியர் என்ற இரு நிலைகளுக்கிடையே தாவும். அதில் ஓம் அளப்பது பொருளற்றது மட்டுமன்று, சென்சாருக்கே கேடாகவும் முடியலாம்.

கேள்வி: வண்டி நிற்கப்போகும் தருணத்தில், மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில், பிரேக் மிதி காலுக்கடியில் படபடக்கிறது. விளக்கு எரியவில்லை.

பதில்: இன்று வந்தவற்றுள் சுவையான கேள்வி இதுதான். பல்வளையத்தில் விரிசல் என்பதே என் முதல் ஐயம். 48 பற்கள் கொண்ட வளையம், 1.9 மீட்டர் சுற்றளவுள்ள டயர் என்று வைத்துக்கொண்டால், சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துடிப்பாக, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 250 துடிப்புகள் வரும். விரிசல் விட்ட இடத்தில் இரு பற்களுக்கிடையே தொலைவு கூடிவிடுவதால், சுற்றுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு தாமதமாக வருகிறது. வேகமாகச் செல்லும்போது அது பல துடிப்புகளின் சராசரியில் கரைந்துவிடும். மெதுவாகச் செல்லும்போது எண்ணுவதற்கே சில துடிப்புகள்தான் இருப்பதால், சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி ஏமாந்து பிரேக் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்து மெல்ல நிறுத்துங்கள். ஒரு கோடு மட்டும் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் குற்றவாளி அந்தச் சக்கரம்.

மறுப்பு: விளக்கு எரியவில்லை என்றால் சென்சார் பக்கம் குறையே இல்லை. இது கோணிய டிஸ்க்.

பதில்: கோணிய டிஸ்க்கின் அதிர்வு வேகமாகச் சென்று பிரேக் அழுத்தும்போதே மேலோங்கித் தெரியும், அதோடு ஏபிஎஸ் மோட்டாரின் உறுமலும் கேட்காது. ஐயமிருந்தால், ஆளில்லாத திறந்த இடத்தில் ஏபிஎஸ் ஃபியூசைக் கழற்றிவிட்டு, மெதுவாகவே ஓட்டி நிறுத்திப் பாருங்கள். படபடப்பு மறைந்தால் டிஸ்க் நிரபராதி. ஃபியூசைத் திரும்பப் பொருத்த மறக்காதீர்கள்.

கேள்வி: பின் சக்கர பேரிங்கை மாற்றிய நாளிலிருந்து விளக்கு எரிகிறது.

பதில்: பல்வளையத்துக்குப் பதில் காந்த வளையம் உள்ள பல வண்டிகளில், அது பேரிங்கின் ஒரு பக்க சீலில்தான் இருக்கும். பேரிங்கைத் திருப்பிப் பொருத்தியிருந்தால் சென்சாருக்கு எதிரே வெறும் இரும்புதான்.

கேள்வி: என் சென்சாரில் ஓம் அளந்தேன்...

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

மீண்டும் மறுப்பு: கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறதே, விரிசல் அதற்குத் தெரியாதா?

பதில்: சாவியைத் திருப்பியதும் அது பார்ப்பது கம்பி அறுந்திருக்கிறதா, ஒன்றோடொன்று தொடுகிறதா என்பதைத்தான். ஓடும்போது நான்கு சக்கரங்களையும் ஒப்பிடுகிறது. ஆனால் சுற்றுக்கு ஒரு துடிப்பு பிசகுவது பல வண்டிகளில் பழுது என்று பதிவாகும் அளவை எட்டுவதில்லை. பல் உடைந்த சீப்பும் தலை வாரத்தான் செய்கிறது.

கேள்வி: விளக்கு எரியும்போது வண்டியை ஓட்டலாமா?

பதில்: மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும், அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதை மறவாமல் மெதுவாகப் பழுதுபார்க்கும் இடம்வரை செல்லலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள்.

கேள்வி: புதிய வகை சென்சாரில் எத்தனை ஓம் இருக்க வேண்டும்?

பதில்: இரண்டாம் பதில். மீட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டுப் படியுங்கள்.

மறுப்பாளரிடமிருந்து: ஃபியூசைக் கழற்றினேன், படபடப்பு நின்றது. ஆனால் வளையத்தில் விரிசல் இல்லை.

பதில்: துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கினீர்களா? விரிசல் பெரும்பாலும் பல்லின்மேல் இராது, இரு பற்களுக்கிடையே உள்ள பள்ளத்தில் மயிரிழையாக இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் ஆக்சில் தண்டை ஒரு முழுச் சுற்று சுழற்றி, ஒவ்வொரு பள்ளமாகப் பாருங்கள். அப்போதும் காணாவிட்டால், சென்சார் அமரும் இடத்தில் துரு உப்பி அதை வளையத்திலிருந்து விலக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சுருள் வகையில் இடைவெளி கூடினால் குறைந்த வேகத்தில்தான் முதலில் துடிப்பு மங்கும்.